ஒரு நகரின் கதையும் அதன் அரும்பொருளகங்களும்

‘அரும்பொருளகம்’ என்னும் சொல்லை முதலில் சற்றே பிரித்துப் பார்ப்போம். அரிய பொருள்களை வைத்துக் காக்கும் அகம் என்பது அதன் பொருள். அருங்காட்சியகம் என்பாரும் உளர். நம் பெற்றோருள் பலர் இன்றும் ‘மியூசியம்’ என்றே வழங்குகின்றனர். அரிய பொருள் என்றவுடன் மணிமுடியும் வாளும் பொற்காசும் நம் மனக்கண்முன் வந்து நிற்கும். ஆனால் அங்கே நுழைந்து பார்க்கும் மாணவர் முதலில் ஏமாற்றமே அடைவர். உடைந்த பானை ஓடு ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். துருவேறிய பூட்டு இருக்கும். யாரோ இழுத்துச் சென்ற பழைய ரிக்‌ஷா வண்டி இருக்கும். ‘இவை எப்படி அரும்பொருள் ஆயின?’ என்ற கேள்வி எழுவது இயல்பே.

ஒரு பொருள் அரும்பொருள் ஆவது அது தரும் செய்தியினால். அச்செய்தியைப் பொருள் தானாகச் சொல்லிவிடுவதில்லை. யாரோ ஒருவர் அதைத் தேடி எடுத்து, தூசு துடைத்து, இன்ன பொருளுக்குப் பக்கத்தில் இது இருக்கவேண்டும் என்று முடிவு செய்து, அருகே நான்கு வரி எழுதி வைக்கின்றார். நாம் பொருளைப் பார்ப்பதாக எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அந்த நான்கு வரியின் வழியாகவே பார்க்கிறோம். எனவே அவ்வரிகளில் யாருடைய பெயர் இருக்கிறது, யாருடைய பெயர் விடுபட்டிருக்கிறது என்று கவனிப்பது அரும்பொருளகம் செல்லும் ஒவ்வொருவருக்கும் கடமையாகும். நம் ஜொகூர் மாநிலத்திலிருந்து பாலம் ஒன்றைக் கடந்தால் வந்துவிடும் சிங்கப்பூர் நகரையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்க முயல்வோம்.

சிங்கப்பூரின் தேசிய அரும்பொருளகம் மிகப் பழைமையானது. 1849ஆம் ஆண்டில் ஒரு பள்ளியின் நூலகத்தோடு சேர்ந்து சிறிய அளவில் அது தொடங்கிற்று. ஸ்டாம்போர்டு சாலையில் இன்று நாம் காணும் குவிமாடக் கட்டடம் 1887ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் திறக்கப்பட்டது. அப்பொழுது அதன் பெயர் ராபிள்ஸ் நூலகமும் அரும்பொருளகமும் என்பதாகும். 1960ஆம் ஆண்டில்தான் ‘தேசிய’ என்னும் அடைமொழி அதற்கு வாய்த்தது. பெயர் மாறியது போலவே உள்ளிருந்த பொருள்களும் மாறின.

தொடக்க காலத்தில் அங்கே சென்றவர்கள் கண்டு வியந்தவை பெரும்பாலும் விலங்குகளும் பறவைகளுமே. அவற்றுள் மிகப் பெரியது ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடு. 1892ஆம் ஆண்டில் மலாக்காவுக்கு அருகே கரையொதுங்கிய அத்திமிங்கிலத்தின் எலும்புகளைச் சேர்த்து, 1907ஆம் ஆண்டில் கூரையிலிருந்து தொங்கவிட்டனர். 42 அடி நீளம்! இரண்டு மூன்று தலைமுறைப் பிள்ளைகளுக்கு ‘மியூசியம்’ என்றாலே அத்திமிங்கிலந்தான். நாடு விடுதலை பெற்றபின், அரும்பொருளகம் மக்களின் வரலாற்றைச் சொல்லவேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. விலங்குகள் வெளியேறின. 1974ஆம் ஆண்டில் திமிங்கிலம் கோலாலம்பூரிலுள்ள நம் தேசிய அரும்பொருளகத்துக்குக் கொடையாகப் போயிற்று. பின்னர் அது லாபுவானுக்குச் சென்று அங்கே காக்கப்படுகிறது. இத்தனை ஊர்களுக்குப் பயணம் செய்த திமிங்கிலம் வேறு இருக்குமோ, தெரியவில்லை!

சிங்கப்பூர் மக்கள் அதை மறக்கவில்லை. 2015ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஜூரோங் கடற்பகுதியில் 10.6 மீட்டர் நீளமுள்ள வேறொரு திமிங்கிலம் இறந்து மிதந்தபோது, அங்குள்ள பல்கலைக்கழகத்தின் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தார் அதனைப் பெற்று எலும்புக்கூட்டைக் காட்சிக்கு வைத்தனர். அதன் வயிற்றில் நெகிழிக் குவளையும் உணவுப் பொட்டலங்களின் உறைகளும் கிடந்தன. மலாக்காத் திமிங்கிலம் நமக்குக் கடலின் பெருமையைச் சொல்லிற்று. இத்திமிங்கிலம் நாம் கடலில் எறிந்தவற்றையும் சேர்த்துச் சொல்கிறது.

இனி, அந்நகரின் அரும்பொருள்கள் அனைத்திலும் நம் சிந்தனையை மிகுதியும் கிளறும் ஒன்றைக் காண்போம். அது பொன்னும் அன்று, மணியும் அன்று. மணற்கல்லின் உடைந்த ஒரு துண்டு. ‘சிங்கப்பூர்க் கல்’ என்று அதற்குப் பெயர்.

1819ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அத்தீவில் குடியேறிக் காட்டை வெட்டித் திருத்தியபோது, ஆற்றின் முகத்துவாரத்தில் பெரும்பாறை ஒன்று தென்பட்டது. ஏறத்தாழ 3 மீட்டர் உயரமும் அதே அளவு அகலமும் கொண்ட அப்பாறையின் ஒரு பக்கம் முழுவதும் ஐம்பது வரிகளுக்குக் குறையாமல் எழுத்துகள் செதுக்கப்பட்டிருந்தன. எந்த மொழி, யார் எழுதியது என்று அங்கிருந்த எவருக்கும் விளங்கவில்லை. பார்க்கக் கூட்டம் கூட்டமாக மக்கள் சென்றனர்.

அவ்வாறு சென்றவருள் ஒருவர் முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் பிறந்தவர்; அரபு, தமிழ் மரபுகளில் வந்த குடும்பத்தினர்; தமிழும் கற்றவர்; மலாய் உரைநடையின் முன்னோடியாகப் போற்றப்படுபவர். தம் வாழ்க்கை வரலாற்று நூலில் அக்கல்லைப் பற்றி அவர் எழுதியிருக்கும் செய்தி மிகவும் சுவையானது. இந்துக்கள் அதைத் தங்கள் எழுத்து என்றனராம். ஆனால் படிக்க இயலவில்லை. சீனர்கள் தங்கள் எழுத்து என்றனராம்; அவர்களாலும் படிக்க இயலவில்லை. அப்துல்லாவுக்கோ அது அரபு எழுத்தைப் போலத் தோன்றிற்று; ஆயினும் அவராலும் படிக்க முடியவில்லை. ஒவ்வொருவரும் ஒரே கல்லில் தத்தம் முகத்தையே கண்டனர்!

அக்கல் இன்று முழுமையாக இல்லை. 1843ஆம் ஆண்டில், ஆற்றின் முகத்துவாரத்தை அகலப்படுத்தவும் கோட்டைக்கு இடம் செய்யவும் வேண்டும் என்று, பொறுப்பிலிருந்த பொறியாளரின் ஆணைப்படி அது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஜேம்ஸ் லோ என்னும் அதிகாரி எழுத்துள்ள சில துண்டுகளைத் தேடியெடுத்துக் கல்கத்தாவுக்கு அனுப்பி வைத்தார். எஞ்சிய பெரிய துண்டு ஒன்றைச் சிறைக்கைதிகள் சாலைக்குச் சல்லியாக உடைத்துவிட்டனர் என்றும் ஒரு குறிப்புக் காணப்படுகிறது. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. சாலைக்குக் கல் வேண்டும் என்று ஆணையிட்டவர்கள், எந்தக் கல் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்துல்லா மட்டும் மனம் நொந்து எழுதினார். பல நூற்றாண்டுகள் மழையிலும் வெயிலிலும் நின்ற கல்லை அழிக்க ஒரு பகல் போதுமானதாயிற்று.

தேசிய அரும்பொருளகத்திலுள்ள துண்டில் எழுத்துகள் மழுங்கித் தெரிகின்றன. இன்றுவரை அதை முற்றாகப் படித்தவர் எவருமில்லை. எழுதப்பட்ட காலம் 10ஆம் நூற்றாண்டுக்கும் 14ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்று அறிஞர் பலவாறாகக் கூறுகின்றனர். 2019ஆம் ஆண்டில் இயன் சின்கிளேர் என்னும் ஆய்வாளர் அதில் ‘கேசரிவ’ என்ற எழுத்துகள் இருப்பதாகக் கண்டு, அது சோழ மன்னர் பலர் தாங்கிய ‘பரகேசரிவர்மன்’ என்னும் பட்டப்பெயரின் பகுதியாகலாம் என்று கருத்துரைத்தார். இதைக் கேட்டபோது நம் உள்ளம் துள்ளியது உண்மை. இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் கடல் கடந்து கடாரம் கொண்ட வரலாற்றை நாம் அறிவோம் அன்றோ? ஆயினும் துள்ளும் உள்ளத்தை அப்துல்லாவின் குறிப்பு சற்றே தட்டி அமர்த்துகிறது. கல்லில் தங்கள் எழுத்தையே கண்டவர் வரிசையில் நாமும் இருநூறு ஆண்டு கழித்துச் சேர்ந்துவிடக்கூடாது. ‘ஆகலாம்’ என்று ஆய்வாளர் சொன்னதை ‘ஆகும்’ என்று நாம் மாற்றிச் சொல்வது, அக்கல்லுக்கு மற்றுமொரு வெடி வைப்பதற்கு ஒப்பாகும். நல்ல அரும்பொருளகத்தின் இலக்கணம் இந்த அடக்கத்தில் இருக்கிறது. தெரிந்ததைத் தெரிந்தது என்றும் ஐயத்தை ஐயம் என்றும் அது எழுதி வைக்கவேண்டும்.

கல்லை அடுத்துப் பொன்னைக் காண்போம். ஆற்றுக்குச் சற்றே தொலைவில் உள்ள கேனிங் கோட்டைக் குன்றை மலாய் மக்கள் ‘புக்கிட் லாரங்கான்’, அதாவது தடை செய்யப்பட்ட குன்று என்று அழைத்து வந்தனர். பண்டை மன்னர்கள் அங்கே உறங்குகிறார்கள் என்பது அவர்களின் நம்பிக்கை. 1928ஆம் ஆண்டில் அங்கே நீர்த்தேக்கத்துக்காக மண் தோண்டிய தொழிலாளர்களின் கைகளில் பொன்னணிகள் சில அகப்பட்டன. அவற்றுள் ஒன்று தோளில் அணியும் வளை. அதன் நடுவே சாவகத்துக் கோயில் வாயில்களில் காணப்படும் காலன் முகம் பொறிக்கப்பட்டுள்ளது. 14ஆம் நூற்றாண்டின் சாவகக் கலைப்பாணி அது என்பர் வல்லுநர்.

ஆனால் ஒரு தோள்வளையைக் கொண்டு ஒரு நகரை அறிய முடியுமா? அதற்கு உடைந்த ஓடுகள் வேண்டியிருந்தன. 1984ஆம் ஆண்டில் ஜான் மிக்சிக் என்னும் தொல்லியல் அறிஞர் அக்குன்றில் முறையான அகழாய்வைத் தொடங்கினார். அகழாய்வு என்பது புதையல் தோண்டுவதன்று. மண் அடுக்கடுக்காகப் படிகிறது. கீழ் அடுக்கு மூத்தது, மேல் அடுக்கு இளையது. எந்த அடுக்கில் எப்பொருள் கிடந்தது என்று குறித்துக்கொண்டால்தான் அதன் காலம் விளங்கும். குறிக்காமல் எடுத்த பொருள், முகவரி கிழிந்த கடிதத்தைப் போன்றது. அவ்வாறு கவனமாக எடுத்த சீனப் பீங்கான் ஓடுகளும் கண்ணாடி மணிகளும் 14ஆம் நூற்றாண்டில் அங்கே செழிப்பான துறைமுக நகர் ஒன்று இருந்ததைக் காட்டின. அதன் பயனாக, சிங்கப்பூரின் கதை 1819இல் ஆங்கிலேயரோடு தொடங்கிற்று என்று எழுதி வந்த ஏடுகள் திருத்தம் பெற்றன. 2019ஆம் ஆண்டில் அதே குன்றில் நடைபெற்ற இருநூற்றாண்டு நிறைவுக் கண்காட்சி, தன் கதையை ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே தொடங்கியது. விலையுயர்ந்த பொன் செய்ய முடியாததை விலையற்ற ஓடுகள் செய்தன.

தேசிய அரும்பொருளகத்தின் மற்றொரு செல்வம் பார்குவார் ஓவியத் தொகுதி. வில்லியம் பார்குவார் என்பவர் 1803 முதல் 1818 வரை மலாக்காவில் ஆட்சிப் பொறுப்பில் இருந்தார். பின்னர்ச் சிங்கப்பூரின் முதல் ஆட்சிப் பொறுப்பாளரும் ஆனார். மலாக்காவில் இருந்தபோது இந்நிலப்பகுதியின் செடி கொடிகளையும் விலங்குகளையும் வண்ணத்தில் வரையச் செய்தார். மொத்தம் 477 ஓவியங்கள். 1990களில் கொடையாளர் ஒருவர் பெரும்பொருள் கொடுத்து அவற்றை வாங்கி அரும்பொருளகத்துக்கு அளித்தார். மங்குஸ்தீன் பழமும் தப்பீர் விலங்கும் உயிரோடு இருப்பன போலத் தோன்றும். 2016ஆம் ஆண்டில் இவ்வோவியங்களைக் கொண்டே ஒளியினால் இயங்கும் காடு ஒன்றையும் அங்கே அமைத்துக் காட்டினர்.

அவ்வோவியங்களை வைத்திருந்த அறை இருட்டாக இருந்தது ஏன் என்று எங்களுடன் வந்த மாணவன் ஒருவன் வினவினான். நல்ல வினா. நீர்வண்ணம் வெளிச்சத்தில் வெளிறிவிடும். எனவே இத்தகைய ஓவியங்கள் மேல் ஏறத்தாழ 50 லக்ஸ் அளவு ஒளியே படுமாறு அமைப்பர். நம் வகுப்பறை வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்குகூட அது தேறாது. அன்றியும், எல்லா ஓவியங்களையும் ஒருசேர வைக்காமல், சிலவற்றைக் காட்டி, சில திங்கள் கழித்து அவற்றை ஓய்வெடுக்க அனுப்பிவிட்டு வேறு சிலவற்றை வைப்பர். ஓவியத்துக்கும் ஓய்வு உண்டு என்றதும் மாணவர்கள் சிரித்தனர்.

அவன் கேட்காத வினா ஒன்றும் உண்டு. பார்குவார் ஓவியம் என்கிறோமே, அவற்றைப் பார்குவாரா வரைந்தார்? இல்லை. வரைந்தவர்கள் மலாக்காவில் இருந்த சீன ஓவியர்கள். ஓர் இலையின் நரம்பைக் கூடத் தவறவிடாமல் தீட்டிய அக்கைகளுக்கு உரியவரின் பெயர் ஓர் ஓவியத்திலும் நிலைக்கவில்லை. கூலி கொடுத்தவரின் பெயர் தொகுதிக்கே பெயராயிற்று. ஊழியம் செய்தவரின் பெயர் காற்றோடு போயிற்று. நம் முன்னோர் போட்ட இருப்புப்பாதைகளிலும் இதே கதையைக் காணலாம்.

இக்குறையைச் சிங்கப்பூரார் உணராமல் இல்லை. 2019ஆம் ஆண்டு சனவரித் திங்களில், ஆற்றங்கரையில் தனித்து நின்ற ராபிள்ஸ் சிலைக்கு அருகே மேலும் நான்கு சிலைகளைச் சிறிது காலம் நிறுத்தினர். பழங்காலச் சிங்கப்பூரை நிறுவியவராக மலாய் வரலாறு கூறும் சாங் நீல உத்தாமா ஒருவர். ஏழைகளுக்கு மருத்துவமனை தந்த டான் டோக் செங் ஒருவர். மற்ற இருவரும் நமக்கு நெருங்கியவர்கள்: கல்லுக்காக வருந்திய அதே முன்ஷி அப்துல்லாவும், 1819இல் பினாங்கிலிருந்து வந்து செங்கற்சூளை நடத்தி, 1827இல் மாரியம்மன் கோயில் எழக் காரணமான நாராயண பிள்ளையும். கண்ணாடிப் பெட்டி இல்லை, நுழைவுச்சீட்டு இல்லை. ஆயினும் அதுவும் ஒரு கண்காட்சியே. ஒரு சிலைக்குப் பக்கத்தில் வேறொரு சிலையை நிறுத்தியதாலேயே பழைய சிலையின் பொருள் மாறிப்போயிற்று.

கண்காட்சிக்கு இடும் பெயரும் சிறிய செய்தி அன்று. புக்கிட் தீமாவில் உள்ள பழைய போர்டு தொழிற்சாலையில்தான் 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் பிரிட்டிஷ் படை சப்பானியரிடம் சரணடைந்தது. அங்கே அமைந்துள்ள போர்க்காலக் கண்காட்சியை 2017ஆம் ஆண்டில் புதுப்பித்தபோது அதற்குச் ‘சியோனான் காட்சிக்கூடம்’ என்று பெயர் சூட்டினர். சியோனான் என்பது சப்பானியர் தாம் பிடித்த சிங்கப்பூருக்கு இட்ட பெயர். போரில் உற்றாரை இழந்த குடும்பத்தினர் அப்பெயரைக் கண்டு கொதித்தெழுந்தனர். அமைத்தவர்களின் நோக்கம் தீயதன்று. அக்கொடிய காலத்தை நினைவூட்டவே அவ்வாறு பெயரிட்டனர். ஆயினும் நினைவூட்டுவதற்கும் பெருமைப்படுத்துவதற்கும் இடையே ஒரு பெயர்ப்பலகையின் அகலமே இடைவெளி. பொறுப்பான அமைச்சர் வருத்தம் தெரிவித்தார். இரண்டொரு நாளிலேயே பெயர் மாற்றப்பட்டது. வல்லுநர் அமைத்ததை மக்கள் திருத்திய நிகழ்ச்சி இது. அங்கே முதியோர் தம் குரலிலேயே சொன்ன நினைவுகளையும் பயன்படுத்தியுள்ளனர். 1979ஆம் ஆண்டு முதலே அந்நாட்டில் இத்தகைய வாய்மொழிப் பதிவுகளைச் சேர்த்து வருகின்றனர். பொருள் எதுவும் மிஞ்சாத ஏழை வீட்டிலும் குரல் மிஞ்சியிருக்கும் அல்லவா!

தமிழ் மாணவர்கள் தவறாது காணவேண்டிய இடம் குட்டி இந்தியாவில், கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம். 2015ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் அது திறக்கப்பட்டது. நுண்ணிய சிற்பங்கள் நிறைந்த செட்டிநாட்டு மரவாயில் ஒன்று அங்கே பார்ப்பவரைக் கட்டிப்போடும். 2019ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே தொடங்கிய ஒரு சிறப்புக் கண்காட்சி, சோழமண்டலக் கரையிலிருந்து இந்நீரிணைப் பகுதிக்குத் தமிழர் வந்த நெடுங்கதையைச் சொன்னது. எனினும் எங்கள் கால்கள் அதிக நேரம் நின்றது மரவாயிலின் முன்னால் அன்று. குடும்பங்கள் தங்கள் வீடுகளிலிருந்து தந்த பழைய படங்களும் பத்திரங்களும் அன்றாடப் பொருள்களும் இருந்த இடத்திலேதான். ‘இது எங்கள் பாட்டி வீட்டிலும் இருக்கிறது!’ என்று ஒரு மாணவி உரக்கச் சொல்லிவிட்டாள். காவலர் திரும்பிப் பார்த்தார், கடிந்துகொள்ளவில்லை.

ஒன்று சொல்ல மறந்தோம். தேசிய அரும்பொருளகக் கட்டடத்தில் 2023ஆம் ஆண்டு முதல் சீரமைப்புப் பணிகள் தொடங்கின. ஆகவே செல்ல எண்ணுவோர் எந்தெந்தக் கூடங்கள் திறந்துள்ளன என்று முன்கூட்டியே கேட்டறிந்து புறப்படுதல் நலம்.

திரும்பி வந்த அடுத்த வாரம், எங்கள் வகுப்பறையின் பின்புற மேசை இரண்டைச் சேர்த்துச் சிறு கண்காட்சி ஒன்றை அமைத்தோம். தோட்டங்களை விட்டு நகர்ப்புற அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளே எம் மாணவருள் பெரும்பாலோர். வீடு மாறும்போது எத்தனையோ பொருள்கள் குப்பைக்குப் போய்விட்டன. எஞ்சியவற்றைக் கொண்டு வந்தனர்: அம்மிக் குழவி, தகரப் பெட்டி, மண்ணெண்ணெய் விளக்கு. பாட்டி வீட்டைப் பற்றி உரக்கச் சொன்ன அதே மாணவி, பால்மரம் சீவும் கத்தி ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டு வந்தாள். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை எழுதவேண்டும்: பொருளின் பெயர், இடம், காலம், பயன்படுத்தியவர். அவள் நான்காவது வரியில் ‘ஒரு தொழிலாளி’ என்று எழுதியிருந்தாள்.

“எந்தத் தொழிலாளி, அம்மா?” என்று கேட்டோம்.

“தெரியாது, டீச்சர். பாட்டியிடம் கேட்கிறேன்.”

மறுநாள் காலை மணி அடிக்கும் முன்பே வந்து நின்றாள். அக்கத்தி பாட்டியுடையது அன்று; பாட்டியின் தாயாருடையது. அவருடைய பெயரை அவள் முன்பு கேட்டதே இல்லையாம். அழிப்பானை எடுத்து ‘ஒரு தொழிலாளி’யை அழித்தாள். அவ்விடத்தில் அப்பெயரை எழுதினாள். இடம் போதவில்லை என்று அட்டையையே மாற்றி, இன்னும் பெரிய எழுத்தில் எழுதினாள்.